இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டேன்

வட்டவளையில் ஒரு கல்யாண வரவேற்பில் என் வலது மணிக்கட்டை முறுக்கியவன், இரண்டு வருடம் கழித்துக் கொட்டகலையில் மாப்பிள்ளைத் தோழனாக வந்து நின்றான். மணப்பெண் என் பெரியப்பா மகள். பெண்ணின் தோழி என் தங்கை. மணமக்கள் ஆடி முடித்ததும் தோழனும் தோழியும் ஜோடியாக ஆடுவது எங்கள் மாதா கோயில் கல்யாணங்களில் வழக்கம்.

வட்டவளையில் அவன் செய்ததை வரிசையாக எழுதியே வைத்திருந்தேன். கேட்காமல் கையைப் பிடித்தான். விரல்களைத் தளர்த்தாமல் சுழற்றினான். பின்னால் ஆள் இருக்கிறதா, கதிரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான் விழுந்தேன். பாட்டு முடிந்ததும் கூட ஆடியவளை அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்கே கூட்டிப்போய் விடுவதுதான் மரியாதை. அவன் என்னைத் தரையிலேயே விட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவங்கல்லாம் ஏன் எறங்குறாங்க?" என்று சிரித்துக்கொண்டு அடுத்தவளிடம் போனான். கை வீங்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாமல் மின்னியல் செய்முறைப் பரீட்சையைத் தவறவிட்டேன். மறுபடி எழுத ஒரு வருடம் ஆனது.

"அக்கா, பயமா இருக்கு," என்றாள் தங்கை.

"நீ ஒக்காரு. நான் போறேன்."

அவனிடம் முறையாகத்தான் கேட்டேன். "அண்ணே, ஆடலாமா?"

"தாராளமா, தங்கச்சி." அவனுக்கு என்னை ஞாபகமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

விரல்களைக் கோக்காமல் உள்ளங்கையை மட்டும் கொடுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே இறுக்கிப் பிடித்தான்.

"கையத் தளர்த்துங்க."

"இதுதான் ஸ்டைலு!" என்று இழுத்தான்.

கையை உருவிக்கொண்டேன். பாதிப் பாட்டில் அவன் முழங்கையைப் பிடித்து, ஆடுகிறவர்களுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போனேன். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். முன்வரிசையில் அவனுடைய அம்மா இருந்தார்.

"ஆன்ட்டி, உங்க மகன இருந்த எடத்துலயே கொண்டாந்து விட்டுட்டேன். கை காலெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. அவரு என்னை விட்டுட்டுப் போனப்ப என் கை சரியா இல்ல. பரீட்சையும் போச்சு."

"என்னடா செஞ்ச?" என்றார் அவர். அந்த வரிசை முழுக்கக் காது கொடுத்தது.

தங்கையும் நானும் ஜோடியாக ஆடினோம். அதன் பிறகு அவன் ஒருத்தியிடம் போய்க் கை நீட்டினான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, எனக்கும் பரீட்சை இருக்கு."

நான் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.