முனியப்பன் காலடியில் வைத்த பீஸ் கட்டை

மேட்டூர் மின்சாரம் சேலத்துச் சமவெளிக்கு வந்த புதிது. கல்லூரி வாயில் மிதிக்க வழியற்ற இளைஞர்க்குக் கம்பமேறும் தொழிலைப் பயிற்றுவிக்கக் கம்பெனியொன்று சேலத்தில் கொட்டகை அமைத்திருந்தது. ஜலகண்டாபுரத்து மருதாசலம் அங்கே முதல்வனாகத் தேறி வந்தான். ஆயினும் ஆறு திங்களாக, அவன் கம்பமேறுந்தோறும் தனக்குக் கீழே இன்னொருவன் ஏறிவரும் காலடி கேட்டது. குனிந்து நோக்கினால் வெறுங்கம்பம்.

வருபவன் யாரென்று அவனுக்குத் தெரியும். உடன் பயின்று, ஆறு திங்கள் முன்பு கம்பத்தின் மேலேயே மின்சாரம் தாக்கி மாண்ட செங்கோடன்.

கம்பமேறுபவன், மின்சாரத்தை நிறுத்தக் கழற்றிய பீஸ் கட்டையைத் தன் மடியிலேயே செருகிக்கொண்டு ஏறவேண்டும் என்பது கொட்டகையின் கட்டளை. கட்டை மடியில் இருக்கும்வரை எவரும் மின்சாரம் விடமுடியாது. அன்று ஏறியவன் செங்கோடன். அரிசி மில்லருகே கட்டையைக் கழற்றியவன் மருதாசலம். பக்கத்திலே முனியப்பன் கோயில். குலதெய்வத்தின் காலடியில் கிடக்கும் பொருளை எந்த மனிதக் கையும் தொடாது என்று நம்பி, கட்டையை அங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டு, கயிறு பிடிக்கக் கம்பத்தடிக்குப் போனான். மில்லிலிருந்து வந்த வெளியூர்க்காரன் ஒருவன், வேலை முடிந்ததென்றெண்ணி அதை எடுத்துப் பொருத்தினான்.

விசாரணையில், கட்டையை அங்கே வைத்தவன் செங்கோடனே என்றான் மருதாசலம். இறந்தவன் மறுக்கவில்லை.

மருதாசலம் சான்றிதழ் பெறும் வாரத்தில் செங்கோடனின் தாய் பழனியம்மாள், இளைய மகன் சடையனைப் பயிற்சிக்கு அழைத்து வந்தாள். அசட்டையாள் ஒருவனைக் கொடுத்த குடியிலிருந்து இன்னொருவனை எடுப்பதற்கில்லை என்று மேற்பார்வையாளர் தண்டாயுதபாணி மெல்லவே மறுத்தார். அவள் மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட இருந்தவன் நீதானே சாமி. எம்பையன் அசட்டையாளா?"

கட்டையை வைத்தது தன் கையே என்று மருதாசலம் முழுவதும் சொல்லிவிட்டான். தண்டாயுதபாணி ஏட்டில் அவன் பெயரை அடித்துவிட்டுச் சடையன் பெயரை எழுதினார்.

வாசலில் பழனியம்மாள் அவனுக்காக நின்றிருந்தாள். வையவில்லை, அழவுமில்லை.

"மேல ஏறறதுக்கு முன்னால, கட்டை எங்கேன்னு உன்னைக் கேட்டானா சாமி?"

"கேட்டானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"சாமிகிட்ட பத்திரமா இருக்குது, நீ ஏறுன்னு சொன்னேனுங்க."