எமிலியானுஸ் எப்போது தலையிடுவார்?

கடைசி வாங்குப் பலகையின் ஓரத்தில், முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்துத்தான் எமிலியானுஸ் பூசை காண்பார். கோயிலின் இரண்டு வாசலும் கண்ணில் பட வேண்டும். குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது சனமெல்லாம் தலை குனியும், அவர் குனியமாட்டார். "எல்லாரும் குனிஞ்சால் ஆர் பாக்கிறது?" என்பார். கோப்பிக் கடையிலும் வாசலைப் பார்த்து நின்றபடிதான் குடிப்பார். பலெர்மோவில் எல்லோருமே நின்றுதான் குடிக்கிறார்கள் என்பதால் அவருடைய விழிப்பு யாருக்கும் தெரிவதில்லை. அதில் அவருக்குச் சற்று மனக்குறை.

இத்தனைக்கும் இடுப்பில் ஒரு இழவும் இல்லை. இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு மற்றவர்கள் லண்டனுக்குப் பயணம் போனார்கள். இவர் துவக்குக்கு அனுமதி எடுத்தார். அதுவும் விளையாட்டுக்குச் சுடுகிறவர்களுக்கான அனுமதி. துவக்கைச் சுடுகளத்துக்குக் கொண்டுபோகலாம், திரும்பக் கொண்டுவரலாம். மற்ற நேரமெல்லாம் அது நகரின் சீசாப் பகுதியில் உள்ள அவருடைய மாடி வீட்டில், இரும்புப் பெட்டிக்குள் நித்திரை. கால்சாப் பகுதியில் ஒரு கிழட்டு இத்தாலிய சிஞ்ஞோராவுக்குச் சமைப்பதும் அவளுடைய நாயைக் குளிப்பாட்டுவதும்தான் எமிலியானுஸின் வேலை. ஊரைக் காப்பது மேலதிக வேலை.

"துவக்கு வைச்சிருக்கிறவனுக்குப் பொறுமை வேணும்," என்று பூசை முடிந்து படியில் நின்று பிரசங்கம் செய்வார். "உயிருக்கு ஆபத்தோ, தப்ப வழி இருக்கோ, பொலிசு வர நேரம் செல்லுமோ எண்டு வடிவாப் பாக்கோணும். பாத்துத்தான் தலையிடோணும்." பார்ப்பதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பல்லரோச் சந்தையில் ஸ்கூட்டரில் வந்தவன் மனைவி றோசமலரின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போனதையும் வடிவாகப் பார்த்துக்கொண்டே நின்றார். "அது பொருள். பொருளுக்காகத் தலையிடக் கூடாது," என்று வீடு வரும்வரை அவளுக்கே விளங்கப்படுத்தினார். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் சண்டை மூண்டு கதிரைகள் பறந்தபோது எல்லோருக்கும் முன்னம் ஓடிப்போய்க் காருக்குள் இருந்தவரும் அவர்தான்.

போன ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருந்த மைத்துனன் றொனிக்கு இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டில் ஏதோ விழுந்து உடைந்தது. தொடர்ந்து, அங்கே புருஷன் உமாசுதனோடு குடியிருக்கும் கிருசாந்தினியின் அலறல்.

"அத்தான், உமாசுதன் அந்தப் பிள்ளைக்கு அடிக்கிறான் போலை."

"கேக்குது. கத்துறாள் எண்டால் மூச்சு இருக்குது. உடனடி ஆபத்து இல்லை."

அலறல் சட்டென்று நின்றது. றொனி எழுந்துவிட்டான்.

"இப்ப சத்தத்தையும் காணேல்லை!"

"அப்ப தணிஞ்சிட்டுது. இரும், இரும். அதுகளின்ரை கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சவன் நான். நானே போய்ப் பிரிச்சால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

றோசமலர் குசினிக்குள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். "துவக்கோடை வாசலைத் தாண்டினால் எனக்குக் கேஸ், தெரியுந்தானே?" என்று எமிலியானுஸ் அவள் முதுகுக்குச் சொன்னார். கீழே மணி அடிக்கும் சத்தமும் றோசமலரின் குரலும் கேட்டன: "பிள்ளை, குழந்தையையும் தூக்கிக்கொண்டு மேலை வா. இப்பவே வா."

கிருசாந்தினி வந்தாள். உதடு வெடித்திருந்தது, இடுப்பில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் கதவுக்கு உள்பக்கம், மிதியடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூடத்துக்குள் கால் வைத்தாள். றோசமலர் கதவைப் பூட்டிவிட்டு, போனோடு குசினிக்குள் போனாள்.

பின்னாலேயே உமாசுதன் வந்து கதவில் குத்தினான். "அண்ணை! திறவுங்கோ! அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போறன்!"

இப்போது இது அவருடைய வீடு, அவருடைய கதவு. உயிருக்கு ஆபத்து, தப்ப வழி இல்லை, பொலிசும் இன்னும் வரவில்லை. இத்தனை காலமாகப் படியில் நின்று சொன்ன அத்தனையும் ஒன்றாக வந்து வாசலில் நின்று இடித்தது. றொனி அவரைப் பார்த்தான். கிருசாந்தினியும் பார்த்தாள். அந்தப் பிரசங்கங்களைக் கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. இந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மாடி ஏறியிருந்தாள். எமிலியானுஸுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

குசினிக்குள் றோசமலர் பொலிசுக்கு இத்தாலியனில் தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆறுதலா நில்லும் தம்பி, வாறன்," என்று எமிலியானுஸ் கதவடிக்குப் போனார். பூட்டில் தொங்கிய திறப்பில் கை வைக்கவில்லை. குனிந்து, உள்நோக்கிக் கிடந்த கிருசாந்தினியின் செருப்புகளை எடுத்து, போகிறவள் காலை நுழைக்க வசதியாக, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.