வராதவர்கள் நிற்கும் இடம்

என் தம்பி வீடியோ எடுப்பவன். சாவு வீட்டில் எடுப்பவன் என்று சொன்னால்தான் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு வீட்டில் யாராவது இறந்து, பிள்ளைகளில் ஒருவர் தூர தேசத்திலிருந்து வர முடியாமல் போனால் இவனுக்குப் போன் வரும். கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துவான். அங்கே நடப்பதை நடக்கும்போதே அந்தப் பிள்ளை தன் போனில் பார்க்கலாம். எங்கள் பகுதியில் இதை ஒரு தொழிலாகச் செய்த முதல் ஆள் அவன்தான். அக்கா என்பதால் பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிறகு கிளம்பிய நாலைந்து பேரும் அவனிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

முதலில் அவன் கல்யாண வீடியோக்காரன். தோளில் ஒரு பெரிய கேமரா. அவனுக்குப் பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்த்து வழிவார்கள். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. ஒன்றை வாங்கிப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதற்கெல்லாம் அவன் சளைக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லார் கையிலும் போன் முளைத்தபோதுதான் ஆட்டம் கண்டான். அதற்கு மேல், தலைக்கு மேலே பறக்கிற கேமராவோடு இளவட்டங்கள் வந்தார்கள். கடையில் பாதியைப் போன் உறை விற்பவருக்கு வாடகைக்கு விட்டான்.

புதுத் தொழில் ஒரு தற்செயலில்தான் பிறந்தது. கடைக்கு எதிர்வீட்டில் ஒரு ஆசிரியர் இறந்துபோனார். அவருடைய மகள் வெளிநாட்டில். யாரோ போனைத் தூக்கிப் பிடித்து அவளுக்குக் காட்டினார்கள். பிடித்தவருக்கே அழுகை. கை ஆட ஆட, அந்தப் பெண் பார்த்ததெல்லாம் கூரையும் மின்விசிறியும்தான். "அப்பா எங்கே, அப்பாவைக் காட்டுங்க" என்று போனுக்குள்ளிருந்து அவள் கத்தியது தெருவரைக்கும் கேட்டது. தம்பி கடையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அன்று அவன் கேமராவை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, எல்லாரும் தெரிகிற மாதிரி உயரத்தில் வைத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் காட்டியபோது அவன் மனைவி முகம் சுளித்தாள்.

"என்ன இது, காக்கா மேலேருந்து பாக்கற மாதிரி இருக்கு? அந்தப் பொண்ணு குள்ளம். அவ வந்திருந்தா அப்பா தலைமாட்டுல, அம்மா பக்கத்துல நின்னிருப்பா. அங்க வைங்க. அவ கண்ணு இருக்கற உயரத்துல வைங்க."

அவள் பேச்சுவாக்கில் சொன்னது. தம்பி அதையே தொழிலின் முறையாக வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து வேலை கேட்டு யார் கூப்பிட்டாலும் அவன் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். வந்திருந்தால் எங்கே நிற்பீர்கள்? உங்கள் உயரம் என்ன?

"எதுக்குங்க உயரம்? சட்டையா தைக்கப்போறீங்க?" என்று ஒருவர் எரிந்து விழுந்திருக்கிறார்.

"உங்க எடத்துலதாங்க கேமரா நிக்கும். உங்க கண்ணு எங்க இருக்குமோ அங்கதான் அது கண்ணும் இருக்கும். பக்கத்துல நின்னாகூட இவ்வளவு தெளிவா தெரியாதுங்க."

இந்தக் கடைசி வாக்கியம் அவனுக்கு ராசியானது. அதைப் பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டியும் வைத்தான்.

சும்மா விடவில்லை ஊர். "சாவுல சம்பாதிக்கிறான்" என்றார்கள். அவ்வப்போது வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு கல்யாண வேலையும் நின்றது. சாவு வீட்டுக் கேமரா கல்யாண வீட்டுக்கு வேண்டாமாம். ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் மட்டும் அவனோடு நின்றார். அவன் கூடப் படித்தவர்தான். யார் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லுவார் என்பதால் அவருக்கு எதிரொலி என்று பெயர்.

"நாளைக்குக் காலையிலேயே போகணும்டா."

"போகணும்."

"மைக்க பெட்டிகிட்ட வைக்காத."

"வைக்காத."

"நீ வைக்காதன்னு சொல்றேன்டா!"

மைக்கைச் சவப்பெட்டியருகே வைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், "வராமலே எப்படி அழுது காட்டுவா பாரு" என்று வராத மகளைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். அது அப்படியே கடல் தாண்டிப் போய் அந்த மகள் காதிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு எதிரொலி மைக்கை வாசல் பக்கம் நகர்த்திவிட்டார்.

தம்பிக்கு ஒரே மகன். குட்டி என்று கூப்பிடுவோம். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, கேமரா பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். நன்றாகப் படித்தான். பதினேழு வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான். விமான நிலையத்தில் தம்பி அவனைக் கட்டிப்பிடித்தபோது குட்டியின் நெற்றி சரியாகத் தம்பியின் உதட்டில் வந்து பொருந்தியது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அவன் வரவில்லை. படிப்பு, பிறகு வேலை, பிறகு விசா. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவான். மீசை வந்ததைப் பார்த்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டதைப் பார்த்தோம்.

ஆறாவது வருடத்து மழைக்காலத்தில் நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி மனைவி திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லாரும் இருந்தோம். ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே தம்பி மகனைக் கூப்பிட்டான். போனை எதிரொலி வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

குட்டி வெகுநேரம் அழுதான். பிறகு சொன்னான். "விசா புதுப்பிக்கக் குடுத்திருக்குப்பா. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. வேலையும் போயிடும்."

"எத்தன நாள்னாலும் அம்மாவ இங்கயே வெச்சிருக்கேன்டா. ஆஸ்பத்திரில கேட்டுட்டேன், குளிர்ல வெச்சுக்கலாமாம். எப்படியாவது கேட்டுப் பாரு. வந்துடு கண்ணா."

"கேட்டுட்டேன்ப்பா. மாட்டேங்கறாங்க." மூக்கை உறிஞ்சினான். "நீங்க லைவ் போடுவீங்கல்ல? நீங்கதானே சொல்வீங்க, பக்கத்துல நின்னாகூட இவ்வளவு தெளிவா தெரியாதுன்னு."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். வீட்டுப்பாடம் எழுதும்போது தினமும் காதில் விழுந்த வாக்கியம். நம்பித்தான் சொன்னான். எதிரொலி வாயைத் திறக்கவில்லை. தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு, "சரிப்பா" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டானே தவிர, உடனே அவளை அடக்கத்துக்கு எடுக்க அவன் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்தோம். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் போதும், எழுந்து போய்ப் பார்ப்பான்.

"அவன்தான் வரமுடியாதுன்னு சொல்லிட்டானேடா. யாரப் பாத்துட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"திடீர்னு மனசு மாறும்க்கா. எத்தன வீட்ல பாத்திருக்கேன். லைவுக்குச் சொல்லிட்டு நேர்ல வந்து நின்னவங்க உண்டு."

மூன்றாம் நாள் காலையில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாப்பாட்டு மேசையை நகர்த்திவிட்டு, கூடத்தின் நடுவில் பெட்டியை வைத்தார்கள். தம்பி உள்ளே போய், கேமரா பொருத்திய முக்காலியைக் கொண்டுவந்தான்.

"நான் போடறேன்டா. நீ போய் உக்காரு" என்றார் எதிரொலி.

"இல்ல. இது நான் ஒத்துக்கிட்ட வேல."

தலைமாட்டில், தான் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினான். கால்களை இழுத்து இழுத்து, லென்ஸ் தன் முகவாய்க்கு நேராக வந்ததும் திருகி இறுக்கினான்.

"அவன் உயரம் கேட்டியா?" என்றார் எதிரொலி.

"எம்புள்ள உயரத்த யார்கிட்டடா கேக்கணும்?"

சிவப்பு விளக்கு எரிந்தது. எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்து, ஒரு நூல் அப்படி, ஒரு நூல் இப்படி என்று திருத்துகிறவன், அன்றைக்கு உள்ளே பார்க்கவே இல்லை. கேமராவுக்கு அடுத்தாற்போல் போய் நின்றுகொண்டான். இத்தனை வருடத்தில் அவன் எடுத்த படம் எதிலும் அவன் இருந்ததில்லை. அன்றுதான் முதல்தடவை.

வந்தவர்கள் பெட்டியில் பூ வைத்துவிட்டு, வரிசையாக எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். முதலில் நான், பிறகு தம்பி. அடுத்து முக்காலி. அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் தூக்க வந்தவர்கள், "இத கொஞ்சம் நகத்துங்க, வழி இல்ல" என்றார்கள். தம்பி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்றான். அவர்களே கோணலாகத் திரும்பி வெளியே போனார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குட்டி கூப்பிட்டான். "பாத்தேன்ப்பா. எல்லாம் தெளிவா தெரிஞ்சுதுப்பா."

வேலை முடிந்ததும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் சொல்வது அதுதான். தம்பியும் அவர்களுக்குச் சொல்கிற பதிலையே சொன்னான்.

"ரொம்ப நன்றிங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதான். அதுவரைக்கும் அழவில்லை.

அதற்குப் பிறகு அவன் தொழிலை விடவில்லை. வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் கடை வாசல் பலகையைக் கழற்றிவிட்டான். போன் வந்தால் உயரம் கேட்பதற்கு முன்னால் வேறு ஒன்று கேட்கிறான்.

"எப்ப கெளம்பினா இங்க வந்து சேரலாம்ங்க?"

"அதான் வரமுடியலன்னு சொல்றேனே."

"நாளைக்குக் கெளம்பினா? வீட்ல நான் பேசறேன். ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றேன். ஆஸ்பத்திரில ஆள் தெரியும்."

சிலர் கோபப்பட்டு வைத்துவிடுவார்கள். "நீங்க வீடியோக்காரரா, பஞ்சாயத்து பண்றவரா?" என்று ஒருவர் கேட்டார். எதிரொலி என்னிடம் வந்து புலம்பினார். "ஜவுளிக்கடைக்காரன், வர்றவங்ககிட்ட 'வீட்ல துணி இல்லையா'ன்னு கேக்கற மாதிரி இருக்குக்கா இது. இப்படியே போனா கடையோட மீதிப் பாதியும் போன் உறைக்காரனுக்குத்தான்." இப்படிப் புலம்பிய அவரே, ஒரு மகன் பிடிவாதத்தை விட்டு விமானம் ஏறி வந்து சேர்ந்த நாளில், பிரிக்காத கேமரா பையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு சிரித்தபடி திரும்பி வந்தார். அன்று இருவருக்கும் நான் சாப்பாடு போட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்திருந்தேன். அந்த முக்காலியை அவன் பிறகு எந்த வேலைக்கும் எடுத்துப் போகவில்லை. கால்களை மடக்கவும் இல்லை. கூடத்து மூலையில் அப்படியே நின்றது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். அன்று எடுத்த படத்தையும் அவன் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

விசா கிடைத்து, ஒரு வருடம் கழித்துக் குட்டி வந்தான். வாடகைக் காரிலிருந்து அவன் இறங்கியதும் தம்பி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். பழைய பழக்கத்தில் நெற்றியைத் தேடிய உதடு அவன் முகவாயில் போய் முட்டியது. அப்பனைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தான். போனில் நாங்கள் பார்த்ததெல்லாம் முகம்தானே. உயரம் போனில் தெரிவதில்லை.

தம்பி ஓரடி பின்னால் போய் அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கூடத்தில், அன்று கேமரா நின்ற இடத்தில் நிறுத்தினான். மூலையில் இருந்த முக்காலியைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் வைத்தான். கேமரா உட்காரும் தட்டு குட்டியின் தோளுக்குக்கூட எட்டவில்லை.

"கீழ வெச்சுட்டேன்டா" என்றான். "எல்லார்கிட்டயும் உயரம் கேக்கறேன். உன்கிட்ட கேக்கல. பூ ஏற ஏற அம்மா முகம் மறைஞ்சிருக்குமே. உனக்குத் தெரிஞ்சுதா?"

குட்டி என்னைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். "முதல்ல தெரிஞ்சுதுப்பா. அப்புறம் நெத்தி மட்டும்."

"தெளிவா தெரிஞ்சுதுன்னு சொன்னியே."

"அன்னைக்கு உங்ககிட்ட வேற என்னப்பா சொல்றது?"

தம்பி முக்காலியின் திருகைத் தளர்த்தி, கால்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தான். குட்டியின் கண்ணுக்கு நேராக வரும்வரை இழுத்து, இறுக்கினான். குட்டி அந்த இடத்திலேயே நின்றுகொண்டு எதிரே பார்த்தான். அங்கே, பெட்டி இருந்த இடத்தில், சாப்பாட்டு மேசையைப் பழையபடி போட்டிருந்தோம்.