கைப்பிடி இல்லாத அலமாரி

அம்மாவுக்குக் காது கேட்காது. எனக்குக் கேட்கும், வாயும் கொஞ்சம் நீளம் என்பது அப்பாவின் அபிப்பிராயம். அந்த வாய் ஒன்றுக்கும் உதவாமல் போன நாள் ஒன்று உண்டு.

அப்போது நாங்கள் வடக்கே, ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காது கேளாதவர்களுக்கென்று மியூசியம் ஒன்றில் நவீன மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். சைகையில் விளக்கிய மியூசியத்து அண்ணனுக்கும் காது கேட்காது. மரப்பலகை மேடைமேல் கட்டிய வீடு. செருப்பை வாசலில் விடச் சொல்லிவிட்டார்கள். நின்றுகொண்டே சமைக்கிற மேடை, மடித்தால் சோபாவாகிவிடும் கட்டில்! எங்கே போனாலும் ஒன்றும் புரியாமல் சிரித்து வைக்கிற அம்மா, அன்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். கேட்பதற்குக் கை வேண்டுமே, என் கையை விட்டுவிட்டாள்.

சுவரில் ஓரிடத்தை அழுத்தினால் அலமாரி திறந்தது. கைப்பிடியே கிடையாது, அதுதான் நவீனமாம். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியதும் உள்ளே புகுந்து பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயும் கைப்பிடி இல்லை.

“அம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் கேட்கவில்லை. காது கேட்கிற ஒரே ஆளான காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கும்மிருட்டு. வார்னிஷ் நாற்றம் மூச்சை அடைத்தது. எல்லோரும் பஸ் ஏறிப் போய்விடுவார்கள், நான் இங்கேயே செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

அழுது ஓய்ந்த பிறகுதான் புத்தி வந்தது. வீட்டில் அம்மாவைக் கூப்பிட மேஜையைத் தட்டுவேன். அதிர்வு கைக்கு எட்டித் திரும்புவாள். இங்கே தரையே மரம். தொம் தொம்மென்று குதித்தேன்.

கதவு திறந்தது. அம்மா வெறுங்காலோடு நின்றாள். என்னை வெளியே இழுத்துத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள்.

அதற்குள் வந்து சேர்ந்த காவல்காரர், “அரே பெஹன்ஜி, பேச்சை விட்டுட்டுக் குழந்தையைப் பாருங்க!” என்று இந்தியில் கத்தினார். மற்றவர்கள் சொல்வதை அம்மாவுக்குச் சைகையில் சொல்வது என் வேலை. அதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அதன் பிறகு வெளியே எங்கே போனாலும் அம்மா என் கையை விடவே மாட்டாள். மலை மந்திர் கோவிலில் அவளுடைய சிநேகிதிகள் சுற்றி நின்று கைகளால் அரட்டையடிப்பார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். வலிக்கிறதென்று முகத்தைச் சுளித்து நான் கையை உருவப் பார்ப்பேன். என்னைப் பிடித்திருக்கிற வரைக்கும் அவளால் பேச முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.