கத்திரிக்காய் மேல் போட்ட பழி

என் மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். கன்னமும் முழங்கை மடிப்பும் வறண்டு சிவந்து கிடக்கும். அரிப்பு தாங்காமல் சொறிந்து ரணமாக்கிக்கொள்வாள். அதனால் எங்கள் சேக்காட்டு வீட்டில் கத்திரிக்காயும் கருவாடும் அவளுக்குக் கிடையாது. தடை போட்டவன் நான்.

அவளுக்கு நாலு வயதானபோது ஒருநாள் காலை, காய்ச்சலோடு கன்னத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். எல்லாம் ஒரே அளவு, நடுவில் குழி. முதல் நாள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. எனக்கு அது போதாதா?

"கொயந்தைக்குக் கத்திரிக்கா ஊட்னியா?" என்று மனைவியிடம் குதித்தேன்.

"இன்னா பேசற? அவ வாயில கூட வெக்கல. சட்டியோட துன்னது நீதான்."

நான் நம்பவில்லை. இது அக்கிதான் என்று நானே முடிவு கட்டினேன். வெள்ளானூரில் காவி குழைத்துப் பூசி அக்கி எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போகலாமென்று வண்டியை எடுப்பதற்குள் கொப்புளம் கண்ணோரம் ஏறி, இமை வீங்கி மூடிக்கொண்டது. மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்த மனைவி, "ஆஸ்பத்திரிக்கு வுடு" என்றாள். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

டாக்டரம்மா பார்த்தவுடன் கேட்டார்: "வீட்டுல யாருக்காவது உதட்டுல கொப்புளம் வந்துச்சா?"

முந்தின வாரம் எனக்கு வந்திருந்தது. சூட்டுக் கொப்புளம் என்று மோர் குடித்துச் சமாளித்தேன். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த வாயால்தான் மகள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களுக்கு அது சின்னப் புண்ணு. கரப்பான் தோல் தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி. அந்தக் கொப்புளத்து வைரஸ் சுலபமா நுழைஞ்சு பரவிடும். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. கண்ணுக்குள்ள போயிருந்தா பார்வையே கெட்டிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஊசி வழியே மருந்து ஏறியது. மூன்றாம் நாள் இமை திறந்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார். நான் வராந்தாவுக்குப் போய், யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

இப்போது வீட்டில் கத்திரிக்காய்க்குத் தடையில்லை. தடையெல்லாம் எனக்குத்தான். வேலைக்குக் கிளம்பும்போது மகள் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்துகிறாள்.

"நைனா, ஒதட்டக் காட்டு."

காட்டுகிறேன். நன்றாகப் பார்த்த பிறகுதான் கன்னத்தைத் தருகிறாள்.