அண்ணனின் கால் மேலே போகும்போது

லண்டனில் ரெகே இசைக்குழு வைத்திருக்கிறேன், இசைத்தட்டும் தயாரிக்கிறேன் என்று சொன்னால் மலாக்காவில் எங்கள் காஜா பேராங்கில் இன்னும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கித்தார் வாசிப்பை நேரில் பார்த்தவர்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. எனக்குக் கிடைக்கவில்லை. ஜாலான் பெண்டஹாரா தெருவில் அப்பாவுக்குத் துணிக்கடை.

"இந்தக் கல்யாணத்துல வாசி. நல்லா இருந்தா உன் இஷ்டம். இல்லன்னா திங்கக்கெழம கடைக்கு வந்துடு."

பக்கத்துத் தெருவில், மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுக் கல்யாணம். தீர்ப்புச் சொல்ல அப்பாவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நான் இருந்த குழுவின் தலைவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் அக்கார்டியன்காரர். பகலில் பஸ் ஓட்டுநர். அவர் வலது கால் தரையைத் தட்டுவதுதான் எங்களுக்குத் தாளம்.

ஜோகெட் என்ற மலாய் ஆட்டத்துக்கு வாசிக்க ஆரம்பித்தோம். தாளம் தப்பக் கூடாதே என்ற பயத்தில் அண்ணனின் காலையே முறைத்தேன். அது தரையைத் தொட்டதை இரண்டு கண்ணாலும் உறுதி செய்துகொண்டுதான் கம்பியில் கை வைப்பேன். அதற்குள் கால் மேலே போயிருக்கும். முந்தி அடிக்கத் துணிவில்லை. பாட்டு முழுக்க அவர் கால் கீழே வந்தால் தாளம், மேலே போனால் என் சத்தம்.

"டேய், நாங்கல்லாம் இங்க இருக்கோம், நீ எங்கடா போய்ட்டு வர்ற?" பல்லைக் கடித்துக்கொண்டே சபைக்குச் சிரித்தார் அண்ணன்.

"வந்துக்கிட்டே இருக்கேண்ணே!"

"பஸ்ஸு போன பெறகு ஓடி வர்ற ஆளுலா நீ!"

ஆடியவர்கள் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். மணப்பெண்ணின் அத்தை மட்டும் கெபாயாச் சட்டை குலுங்க ஆடிக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

பாட்டு முடிந்ததும் அப்பா எழுந்து வந்தார். கித்தாரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

"நீ கஜக்கோல் புடிச்சாலும் இப்படித்தானே? வாங்க வந்தவங்க போன பெறகு துணிய கிழிப்ப. கடப் பக்கமே வந்துடாத, சாமி."

"அப்போ கித்தாருப்பா?"

"அத எங்கயாச்சும் தூரமா போயி வாசி."

லண்டனைவிடத் தூரமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

அங்கே பல வருடங்கள் கழித்து, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஜமைக்காக்காரர்கள் இருவர் டிரம்ஸும் பேஸ் கித்தாருமாக உட்கார்ந்திருந்தார்கள். ரெகேவுக்குத் தாளத்தின் இடைவெளியில் அடிக்க ஆள் வேண்டுமாம். வந்தவர்கள் எல்லோரும் தாளத்தின் மேலேயே விழுந்தார்களாம். என் முறை வந்தது. அதே பயம். டிரம்ஸ்காரரின் காலையே பார்த்தேன், அது மிதித்தது உறுதியான பிறகே அடித்தேன், சத்தம் இடைவெளியில் போய் விழுந்தது.

அவர் சட்டென்று நிறுத்தினார். நான் கித்தாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"வெளியே எடு. இதை எங்கே கற்றாய்?"

"எங்கள் ஊர்க் கல்யாணத்தில்."

அன்று சேர்ந்த மூவர்தான் எங்கள் குழு. இப்போது எனக்குத் தாளம் பிசகாமல் தெரியும். அதுதான் தொல்லை, பயந்தால்தான் என் கை சரியாகப் பிந்தும். ஒலிப்பதிவன்று பயம் வரவில்லையென்றால், அப்பா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.