டியூப் கிடங்குக்குள் ஓர் ஊசி

இன்ரியேவின் இரண்டு கட்டைவிரல்கள், கடலில் மிதக்கும் காற்று டியூபின் கிழிந்த விளிம்பின் மேல் மெல்ல நகர்ந்தன. ஒரு சாண் நீளக் கிழிசல். ஒட்டு மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கே பிளந்திருந்தது. விரல்கள் கோடி வரை போய்த் திரும்பி வந்தன. ஈரத்துணியால் உப்பைத் துடைத்தன, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தன. நகக்கண்களில் நாற்பது நாள் மணல். வால்வு மூடிகளை அழுத்தி அழுத்தி வலது சுட்டுவிரலின் நுனி தட்டையாகிவிட்டிருந்தது.

"பசையைப் போடுங்க அண்ணி," என்றான் கிடங்கு வாசலில் நின்ற சங்டு. கடற்கரையில் குடை நடுகிறவன். ஒரு காலத்தில் அவள் கணவனோடு ஒரே படகில் போனவன்.

"பசை காய ஒரு நாள் ஆகும். அவங்க புள்ளையக் கூட்டிட்டு மூணு மணிக்கு வராங்க. ஆறு மணிக்குக் கடலை மூடிருவாங்க."

"வேற டியூப் குடுங்க. எம்பது கிடக்குதே."

"அந்தப் புள்ளைக்கு முதுகு நிக்காதுடா. வட்ட டியூப்ல வச்சா நடுவால வழுகிப் போயிரும்."

சங்டு அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். ஆகஸ்டு பதினெட்டு. எங்கள் கடற்கரைக்கு இந்தக் கோடையில் அதுதான் கடைசி நாள். ஆகஸ்டு பதினைந்து, கொரியாவின் சுதந்திர நாள், கழிந்ததும் தண்ணீர் சில்லிட்டுவிடும், மனிதர்களை எண்ணிவிடலாம்.

இன்ரியேவுக்கு அறுபத்தொரு வயது. கணவாய் மீன் கிடைக்காமல் படகுகள் கரையேறியபோது மீனவர் சங்கம் வாடகை டியூப் கிடங்கை அவள் கையில் கொடுத்தது. பன்னிரண்டு கோடை ஆயிற்று. யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். முதல் வருடம் ஈரத்தோடு மடித்து வைத்தாள்; வசந்தத்தில் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல்போல உரிந்தது. கறை போகட்டும் என்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தவை வெயில் பட்டதும் அப்பளமாக நொறுங்கின. இப்போது ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் அலசுகிறாள், வால்வைக் கீழே தொங்கவிட்டு வடிக்கிறாள், பைன் மரத்து நிழலில் உலர்த்துகிறாள். பருவம் முடிந்ததும் பவுடர் தூவி, போன வருடம் மடித்த கோட்டில் மடிக்காமல் நாலு விரல் தள்ளி மடிக்கிறாள்.

இரண்டு விதிகளில் மட்டும் அவள் இளகியதில்லை. ஊசி, பின், கொண்டை ஊசி எதுவும் கிடங்கு வாசலைத் தாண்டக் கூடாது. அவளே தலைமுடியைத் துணிநாடாவால்தான் கட்டுவாள். இன்னொன்று, காலையில் பத்துக்கு எட்டுப் பங்கு காற்றுதான். விடிகாலைக் காற்று குளிர்ந்தது. மிச்ச இரண்டு பங்கை உச்சிவெயிலே ஊதி நிரப்பிவிடும்.

அந்த இரண்டாவது விதியை இன்று காலை அவளே மீறிவிட்டாள். நாற்பது நாளாக நாலரை மணிக்கு எழுந்த உடம்பு. காற்றடிக்கும் மெஷினை வால்வில் செருகிவிட்டு உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது டியூப் மத்தளமாக விறைத்திருந்தது. கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும் என்று தெரியும். அதற்கு வால்வை இரண்டு விரலால் பிதுக்கிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு வலித்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மணலில் போட்டுவிட்டுப் போனாள். பதினொன்றே காலுக்கு முதுகு அறை வெடித்தது. யாரோ பட்டாசு விட்டார்கள் என்று நினைத்துக் கரையில் சிலர் கைதட்டினார்கள்.

அது வாடகை டியூப் அல்ல. இருக்கையும் முதுகுச் சாய்வும் கழுத்துத் தாங்கலும் உள்ள அது, ஹான்பியோல் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணுடையது. அவளால் நடக்க முடியாது. நகரத்து நீச்சல் குளங்களில் டியூபோடு உள்ளே விடுவதில்லை. அதனால் கூட்டம் வற்றி, மீட்புக் காவலர்கள் மட்டும் இன்னும் காவல் நிற்கிற இந்தக் கடைசி நாளில், அவள் அம்மா சியோலிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டிக் கூட்டி வருவாள். வருடத்தில் இந்த ஒரு மாலைதான் அவளுக்குத் தண்ணீர். ஒரு குளிர்காலம் அடுக்குமாடி பால்கனியில் கிடந்து டியூப் விறைத்துப் போனதிலிருந்து, அதை இன்ரியேவிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"பழசாயிருச்சு, இத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. நம்புவாங்க," என்றான் சங்டு.

"நம்புவாங்கதான்."

சங்டு கால் வலிக்கு அங்கே கிடந்த காற்றுத் தலையணை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்ரியே அதையே பார்த்தாள்.

"எந்திரி."

"இப்பத்தான உட்கார்ந்தேன்!"

"எந்திரிடா. பந்துக்குள்ள பிளாடர் இருக்கும்ல? அந்த மாதிரி இதை உள்ள விட்டுட்டு வெளிய தச்சிரலாம்."

தலையணையின் காற்றை இறக்கிச் சுருட்டிக் கிழிசல் வழியாக உள்ளே நுழைத்தாள். முதுகு அறைக்குள் அது அளவாக விரிந்தது. அதன் வால்வைக் கிழிசலின் ஒரு கோடியில் வெளியே நீட்டி நிறுத்தினாள். பிறகு வீட்டுக்குப் போய், வலைக்கு மிதவை தைக்கும் கணவனின் தடித்த ஊசியையும் தூண்டிலின் நைலான் நரம்பையும் எடுத்து வந்தாள்.

சங்டு எழுந்து நின்றுவிட்டான். "ஊசியா? கிடங்குக்குள்ளயா? போன வருஷம் என் சட்டையில ஒரு பின் இருந்ததுக்கு என்னை மழையில நிக்க வச்சீங்களே!"

"இன்னைக்கும் வேணா போய் நில்லு."

"மழை இல்லையே."

"அப்ப எம்பதையும் சுவரோரமாத் தள்ளு. வெளிய மணல் பறக்குது, அங்க தைக்க முடியாது."

அவன் முனகிக்கொண்டே தள்ளினான். இன்ரியே வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு ஊசியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். வெறும் பிளாஸ்டிக்கில் தைத்தால் துளைகள் வழியே கிழிந்துகொண்டே போகும். அதனால் கிழிசலின் இரு கரையிலும் தார்ப்பாய்ப் பட்டை வைத்து, அதையும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு தையல் போட்டாள். தையலுக்கும் தலையணைக்கும் நடுவே மடித்த துண்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் இடது கை உள்ளே போய்த் தலையணையை விலக்கிப் பிடித்தது. இரண்டு முறை ஊசி அந்த விரலைக் குத்தியது. விரலைக் குத்தினால் பரவாயில்லை. நரம்பின் நுனிகளைத் தீக்குச்சியால் உருக்கி மழுக்கினாள். ஊசியைச் சங்டுவின் கையில் கொடுத்து, அதை வெளியே கொண்டுபோகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயால் ஊதினாள். ஏழு பங்கு. போதும்.

மணி இரண்டே கால். டியூபைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தாள். இந்தக் கோடையில் முழங்காலுக்கு மேல் அவள் நனைந்ததே இல்லை. இருக்கையில் ஏறி, உடம்புப் பாரம் முழுவதையும் முதுகுச் சாய்வில் போட்டாள். தையல் முறுகியது, பிறகு அடங்கியது. அலை தூக்கி இறக்கியது. ஒரு காது தண்ணீருக்குள் போனபோது உலகத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. கண் சொருகியது.

"அண்ணி! தூங்கிட்டீங்களா, போய்ச் சேந்துட்டீங்களா?" கரையிலிருந்து சங்டு கத்தினான். "மிதவை கட்டின எல்லைக் கோடு வந்துருச்சு! விசில் ஊதறாங்க!"

அரைமணி நேரம் ஆகியிருந்தது. தையல் மேல் கைவைத்துப் பார்த்தாள். காற்று இறங்கவில்லை. கையால் துழாவிக் கரைக்குத் திரும்பினாள்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. ஹான்பியோலின் அம்மா மகளைச் சுமந்துகொண்டு மணலில் இறங்கினாள். டியூபின் முதுகில் நீலத் தார்ப்பாயைக் கண்டதும் நின்றாள்.

"என்ன சித்தி இது?"

"நான் வெடிக்க வச்சிட்டேன், ஹான்பியோல் அம்மா. காத்தடிக்கும்போது தூங்கிட்டேன். அதிகமாப் போச்சு, வெயில்ல வேற போட்டுட்டேன். டியூப் மேல தப்பில்ல."

அம்மா வெகுநேரம் தையலைப் பார்த்தாள். முகம் இறுகியிருந்தது. "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே. பாதி வழியிலயே திரும்பியிருப்போம்."

"அதான் பண்ணல."

"தாங்குமா?"

"ரெண்டு பேர் எடையிருக்கிற நான் அரைமணி நேரம் படுத்திருந்தேன். இருக்கை அறை, சுத்து அறை ரெண்டும் பழையபடி நல்லா இருக்கு. ஆனா இந்தத் தடவை நீங்க கைய எடுக்கவே கூடாது. நானும் இந்தப் பக்கம் பிடிச்சுக்கறேன்."

ஹான்பியோல், அம்மாவின் தோளிலிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அவளுக்குச் சொற்கள் வர நேரமாகும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சித்தி... தலை... ஈரம்," என்றாள். பிறகு சிரித்தாள். "எனக்கு... முன்னாடியே... குளிச்சிட்டீங்க."

"ஆமாண்டி, திருட்டுத்தனமா," என்றாள் இன்ரியே.

அம்மா மகளைச் சங்டு விரித்து வைத்திருந்த பாயில் உட்காரவைத்துச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கையை மட்டும் விடுவித்து, டியூபை வாங்க நீட்டினாள். இன்ரியே தையல் வெளிப்பக்கமாக இருக்கும்படி டியூபைத் திருப்பி, ஒட்டியிருந்த மணலைப் புறங்கையால் தட்டிவிட்டு, அந்தக் கையில் கொடுத்தாள்.